பரிசல்காரிக்கு மூன்று நிபந்தனைகள்

ஏன் என்று கேட்காதீர்கள், கேட்டால் சொல்லிவிடுவேன் என்று ஒருத்தி சொன்னால், அவள் கேட்கச் சொல்கிறாளா, வேண்டாம் என்கிறாளா? இரண்டு வருடங்களுக்கு மேலாக இதை யோசித்துக்கொண்டிருக்கிறேன். பால் காய்ச்சும்போது யோசிக்கிறேன், மகளுக்குத் தலை துவட்டும்போது யோசிக்கிறேன். விடை கிடைத்தபாடில்லை.

பணி ஓய்வு பெற்றவர்கள் எழுதும் இந்தப் பகுதியில் இருபத்தொன்பது வயதுக்காரிக்கு என்ன வேலை என்று நீங்கள் நினைக்கலாம். நானும் இதழின் ஆசிரியருக்கு அதையே எழுதிக் கேட்டேன். மறுபடி வேலைக்குப் போகும் உத்தேசம் உண்டா என்று பதில் போட்டார். இப்போதைக்கு இல்லை என்றேன். அப்படியானால் ஓய்வுதானே, எழுதுங்கள் என்றார். நான்கு வருட வேலை, அதற்கொரு ஓய்வு. வீட்டில் இரண்டு வயதுக் குழந்தையோடு இருப்பதை ஓய்வு என்று சொல்பவர் நிச்சயம் ஆண்தான் என்று என் மாமியார் சொன்னார். அவர் சொன்னதை எழுதலாமா கூடாதா என்று தெரியவில்லை. எழுதிவிட்டேன்.

எழுத வைத்தது ஒரு தொலைபேசி அழைப்பு. கணபதிப் பகுதியில் என் பழைய அலுவலகத்தில் இப்போது என் நாற்காலியில் உட்காரும் கவிதா கூப்பிட்டாள். "அக்கா, நம்ம கொறைச்சீட்டுல மட்டும் ஏனுங்க 'பக்கம்'னு ஒரு கட்டம் இருக்குது? வேற எந்தக் கம்பெனிலயும் இல்லீங்களே" என்றாள். சொல்லத் தொடங்கினேன். பால் பொங்கியது, குழந்தை அழுதது, வைத்துவிட்டேன். அவளுக்குச் சொல்ல வந்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

கணிதத்தில் பட்டம் பெற்று, ஆறு மாதம் கணினி படித்து, தொண்ணூற்று மூன்றில் அங்கே சேர்ந்தேன். கீழே மோட்டாருக்குக் கம்பிச்சுருள் கட்டும் கடை, மேலே நாங்கள். முதல் ஒன்றரை வருடம் ஏதோ ஒரு வெளிநாட்டு நூலகத்தின் புத்தகப் பட்டியலைத் தட்டச்சு செய்தோம். அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. பிறகு முதலாளி எங்கிருந்தோ ஒரு வேலையைப் பிடித்து வந்தார். வெளிநாட்டில் தயாராகும் கணினி விளையாட்டுகளை விற்பனைக்கு வருமுன் விளையாடிப் பார்த்து, எங்கெங்கே குறை என்று எழுதி அனுப்ப வேண்டும். விளையாடச் சம்பளமா என்று என் கணவர் ஒரு வாரம் நம்பவில்லை.

சுட்டுத் தள்ளும் விளையாட்டுகள் எங்களுக்கு வரவில்லை. வந்தவை கதை விளையாட்டுகள். விளையாடுபவர் ஒரு பாத்திரத்தை ஏற்று ஊர் ஊராகப் போவார். எதிர்ப்படுபவர்களிடம் பேசுவார். திரையில் நாலு பதில்கள் வரும், ஒன்றைத் தேர்ந்தால் கதை அந்தப் பக்கம் திரும்பும். சண்டை உண்டு, புதையல் உண்டு, காதலும் கல்யாணமும் உண்டு. எங்கள் வேலை எல்லாப் பதில்களையும் ஒன்று விடாமல் தேர்ந்து பார்ப்பது.

இதற்குத் தலைமை தாங்க முதலாளி கொண்டுவந்தவர் கந்தசாமி சார். இருபது வருடம் பம்ப்செட் கம்பெனி ஒன்றில் சோதனை மேடையில் நின்றவர். கணினியைத் தொட மாட்டார். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு எங்கள் நாற்காலிகளுக்குப் பின்னால் நிற்பார். குரல் உயர்ந்து யாரும் கேட்டதில்லை. எங்கள் எல்லாருக்கும் 'ங்க' போட்டுத்தான் பேசுவார். கணினி நின்றுபோனால் அதற்கும் "என்னாச்சுங்க?" என்பார்.

குறைச்சீட்டு அவர் பம்ப் கம்பெனியிலிருந்து கொண்டுவந்தது. என்ன செய்தேன், என்ன எதிர்பார்த்தேன், என்ன நடந்தது என்று மூன்று கட்டங்கள். கடைசியில் 'கடுமை', 'லேசு' என்று இரண்டில் ஒன்றை டிக் செய்ய வேண்டும். எதிர்பார்த்தேன் என்ற கட்டத்துக்குப் பக்கத்தில் சிறியதாக இன்னொரு கட்டம் இருக்கும். அதுதான் கவிதா கேட்ட 'பக்கம்'. விளையாட்டை உருவாக்கியவர்கள் அதன் விதிகளையெல்லாம் எழுதித் தடிப் புத்தகமாக அனுப்பியிருந்தார்கள். பெரிய புத்தகம் என்போம். நாம் எதிர்பார்த்தது அதில் எந்தப் பக்கத்தில் எழுதியிருக்கிறது என்று குறிக்க வேண்டும். குறிக்காவிட்டால் சார் பென்சிலால் "பக்கம்?" என்று எழுதித் திருப்பிவிடுவார்.

பம்ப்பின் தகட்டில் இத்தனை அடிக்கு இத்தனை தண்ணீர் என்று அடித்திருக்கும். அதற்குக் குறைந்தால்தான் குறை. நம் வீட்டுக் கிணற்றுப் பம்ப் எவ்வளவு இறைக்கிறது என்பதை வைத்துச் சொல்லக் கூடாது என்பார். புத்தகத்துக்குப் பின்னால் பொருள் பட்டியல், பட அட்டவணை என்று இணைப்புகள் இருந்தன. இணைப்பும் புத்தகமும் முரண்பட்டால் புத்தகம் சொல்வதுதான் சரி என்பதும் அவர் விதி. இன்னொரு விதியும் உண்டு. குறையைச் சொல்லலாம், எப்படிச் சரிசெய்வது என்று சொல்லக் கூடாது. "கழட்டறது நம்ம வேலை இல்லீங்க."

இந்தப் பக்கக் கட்டத்தின் அருமையை முதலில் உணர்த்தியவன் மூர்த்தி. எங்களோடு வேலை பார்த்த அன்னூர்க்காரன். விளையாட்டில் வந்த முதல் கல்யாணத்தைப் பார்த்துவிட்டு மிகுந்த பொறுப்போடு ஒரு சீட்டு எழுதினான். எதிர்பார்த்தது: பெண்ணின் தாய்மாமன் மேடைக்கு வர வேண்டும். நடந்தது: வரவில்லை. கடுமை. அது "பக்கம்?" என்று திரும்பி வந்தது. அவன் சாரிடம் போய், மாமன் இல்லாமல் எப்படிங்க சார் என்று கேட்க, சார் பொறுமையாக, "உங்க ஊட்டுல வரோணுமுங்க. இந்த ஊட்டுல வரோணும்னு எங்க எழுதியிருக்குதுங்க?" என்றார். நான் சிரித்தேன். அப்போது என் மேசையில், சீர்த்தட்டு இல்லாமல் நிச்சயதார்த்தம் நடக்கிறது என்று நான் எழுதிய சீட்டு இருந்தது. சத்தமில்லாமல் கிழித்துப் போட்டேன்.

நான் சொல்ல வந்த விளையாட்டு தொண்ணூற்றேழில் வந்தது. அதில் நாயகனாகவும் விளையாடலாம், நாயகியாகவும் விளையாடலாம். நாயக வேடத்தில் இருப்பவரைக் காதலிக்கக்கூடிய பாத்திரங்கள் ஒன்பது. யாருக்கு யார் மீது காதல் வரும், வராது என்று சார்ட் தாளில் கட்டம் போட்டுச் சுவரில் ஒட்டியிருந்தோம். சரிபார்த்த கட்டத்தில் பச்சை டிக் விழும். ஒரு நாள் கீழ்க் கடைக்காரரின் மனைவி பாப்பாத்தியக்கா மோர் கொடுக்க மேலே வந்தவர் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். மறுநாள் மஞ்சள் பையில் தம்பியின் ஜாதகத்தோடு வந்துவிட்டார். பையன் பெருந்துறையில் மில்லில் இருக்கிறான், நல்ல இடமாக இருந்தால் சொல்லுங்கள் என்று சாரிடம் நீட்டினார். சார் எழுந்து நாற்காலி போட்டு உட்கார வைத்தார். "பொருத்தம் பாக்கறது நெசந்தானுங்க அம்மணி. ஆனா இதுல இருக்கறவங்க யாருக்கும் ஊடு வாசல் கெடையாதுங்க" என்றார். பாப்பாத்தியக்கா, பரவாயில்லைங்க, குணம் நல்லா இருந்தா போதும் என்றார்.

என் பக்கத்து நாற்காலியில் இருந்தவளைச் சாந்தாமணி என்று சொல்கிறேன். பெயரும் ஊரும் மாற்றியவை. கொடுமுடி என்று வைத்துக்கொள்ளுங்கள், ஆற்றங்கரை ஊர் என்பது மட்டும் உண்மை. என்னைவிட மூன்று வயது இளையவள். காந்திபுரத்தில் பெண்கள் விடுதியில் இருந்தாள். ஞாயிறுதோறும் வீட்டுக்குக் கூப்பிடுவார்கள், யாராவது பெண் பார்க்க வருவார்கள். திங்கட்கிழமை வந்து மாப்பிள்ளைக்குக் குறைச்சீட்டு வாசிப்பாள். எதிர்பார்த்தது: எஞ்சினியர். நடந்தது: எஞ்சினியர், ஆனால் அவங்கம்மா பேசுறாங்க, அவர் பேசறதில்லீங்க. கடுமை. நாங்கள் சிரித்துப் புரள்வோம். அதற்குமேல் நான் யோசித்ததில்லை.

அந்த விளையாட்டில் ஆற்றைக் கடக்க வைக்கும் ஒரு பெண் வந்தாள். வாயில் நுழையாத பெயர். நாங்கள் பரிசல்காரி என்போம். அவள் ஓட்டியது பரிசல் அல்ல, படகு என்று சாந்தாமணி முதல் நாளே எங்களைத் திருத்தினாள். "இத்தன நீளத் துடுப்ப வெச்சுப் பரிசல் வலிச்சா எடத்துலயே சுத்தோணுமுங்க." ஆனாலும் பெயர் நிலைத்துவிட்டது.

எனக்குக் கொடுத்திருந்த வழி நாயகி வழி. அப்போது எனக்கு நான்காம் மாதம். கணினித் திரையின் கதிர் வயிற்றுக்கு ஆகாது என்று யாரோ சொல்லி, மாமியார் வாங்கிக் கொடுத்த கறுப்புக் கண்ணாடித் தடுப்பைத் திரைக்கு முன்னால் மாட்டியிருந்தேன். அந்தக் கண்ணாடி வழியாகத்தான் பார்த்தேன். என் நாயகி மூன்று நாள் படித்துறையில் காத்திருந்தாள். பரிசல்காரி படகைக் கட்டிவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்து, அக்கரைக்கு நூறு பேரைக் கொண்டுபோய் விட்டிருக்கிறேன், இக்கரையிலேயே இருந்துவிடு என்று யாரிடமும் சொல்லத் தோன்றியதில்லை, உன்னிடம் தோன்றுகிறது என்றாள்.

நன்றாகத்தான் எழுதியிருந்தார்கள். நான் சுற்றுமுற்றும் பார்த்தேன். பிறகு சீட்டை எடுத்தேன். எதிர்பார்த்தது: பரிசல்காரி நாயகனிடம் மட்டும் இப்படிப் பேச வேண்டும். நடந்தது: நாயகியிடமும் பேசுகிறாள். கடுமை. பக்கக் கட்டத்தை அவசரத்தில் விட்டுவிட்டேன்.

"பக்கம்?" என்று வந்தது.

தேடினேன். முந்நூற்றுச் சொச்சம் பக்கம். வீட்டுக்குப் போகும்போது உக்கடம் வரை ஒரு பஸ், அங்கிருந்து குனியமுத்தூருக்கு இன்னொன்று. இரண்டிலும் மடியில் வைத்துப் படித்தேன். ஒன்பது பாத்திரங்களில் ஏழு பேருக்கு, நாயகனாக இருந்தால் என்றோ நாயகியாக இருந்தால் என்றோ தெளிவாகப் போட்டிருந்தது. பரிசல்காரிக்கு மூன்றே நிபந்தனைகள். அவளுடைய அப்பாவின் தொலைந்துபோன துடுப்பைத் தேடிக் கொண்டுவர வேண்டும். அவள் தம்பி எப்படி இறந்தான் என்ற உண்மையை மறைக்காமல் சொல்ல வேண்டும். மூன்று நாள் ஆற்றைக் கடக்காமல் காத்திருக்க வேண்டும். ஆணா பெண்ணா என்று ஒரு வரி இல்லை. யார் அந்த மூன்றையும் செய்கிறாரோ அவரை அவள் விரும்புவாள். ஆணாக வந்தால் ஆணை, பெண்ணாக வந்தால் பெண்ணை.

சாரிடம் போய் நின்றேன். "பக்கம் இல்லை சார். ஆனா ஒரு பொண்ணு இன்னொரு பொண்ண..." என்று தொடங்கினேன்.

"எத்தன நிபந்தனை போட்டிருக்குதுங்க?"

"மூணு சார்."

"நீங்க எத்தன செஞ்சீங்க?"

"மூணும்."

"அப்பறம் என்னங்க அம்மணி. அந்தப் புள்ள சொன்ன சொல்லக் காப்பாத்தியிருக்குது. கொறை எங்கீங்க?"

ஆண், பெண் என்று போட அவர்கள் மறந்திருப்பார்கள் என்றேன். அப்படி நினைத்தால் அது குறை ஆகாது, கேள்வி என்றார். கேள்விக்கு வேறு சீட்டு, பச்சை நிறம். அதில் எழுதினேன்: பரிசல்காரி நாயகியையும் விரும்புவது உங்கள் நோக்கம்தானா? பதிவேட்டில் எண் போட்டேன். சாயங்காலம் தொலைபேசி இணைப்பு வழியாக மற்றவற்றோடு போய்விடும்.

மதியம் சாப்பிடும்போது சாந்தாமணி அந்தச் சீட்டைப் பார்த்துவிட்டாள். அனுப்பியாயிற்றா என்று கேட்டாள். சாயங்காலம் என்றேன். தயிர்சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள். அந்த வழியை என்னைவிட அவள் அதிகம் விளையாடியிருக்கிறாள் என்று அப்போதுதான் தெரிந்தது. அவளுக்குக் கொடுத்த வேலை முடிந்த பிறகு, தினமும் பஸ்ஸுக்கு முந்தைய அரைமணி நேரம், படித்துறையில்தான் இருந்திருக்கிறாள்.

"இத்தன ஆட்டம் வந்துச்சுங்க அக்கா. எல்லாத்துலயும் ராசகுமாரன் வந்தான், கட்டுனான், போனான். இந்த ஒருத்தியாச்சும் இருந்துட்டுப் போகட்டுங்க" என்றாள். பிறகு டப்பாவைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "ஊர்ல பாக்கற மாப்பிள்ளை எவனும் எனக்கு வேண்டாமுங்க. ஏன்னு கேக்காதீங்க. கேட்டா சொல்லிப்போடுவேன்."

கொத்தவரங்காய்ப் பொரியல் கொஞ்சம் போடட்டுமா என்று கேட்டேன்.

போடுங்க அக்கா என்றாள். சாப்பிட்டோம்.

சீட்டை நிறுத்தியிருக்கலாம் என்று நீங்கள் சொல்லலாம். பதிவேட்டில் எண் விழுந்துவிட்டது. எண் விழுந்த சீட்டைக் காணாமல் போகச் செய்யும் ஆள் நான் இல்லை. அது நல்ல குணமா, வெறும் பயமா என்பதையும் சேர்த்துத்தான் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

இரண்டாம் நாள் பதில் வந்தது. பரிசல்காரியை எழுதியவர் வேலையை விட்டுப் போய்விட்டாராம். ஆண், பெண் என்று யாரும் யோசிக்கவில்லையாம். நீங்களே வரி வரியாகப் பாருங்கள், நாயகியாக வந்தால் லேசான குறைகள் மட்டும்தான் என்றால் திருத்திவிட்டு அப்படியே விடுகிறோம், ஒரே ஒரு கடுமை இருந்தாலும் அந்த வழியை மூடிவிடுவோம், நாலு நாளில் சொல்லுங்கள் என்று எழுதியிருந்தார்கள். இதே கேள்வி பொருந்தும் இன்னொரு பாத்திரமும் உண்டா என்றும் கேட்டிருந்தார்கள். உண்டு. ஒன்பதில் மிச்சமிருந்த ஒருவன், தலைநகரத்துப் பாடகன். அவனுக்கும் ஆண், பெண் போடவில்லை.

பாடகனை மூர்த்தி பார்த்தான். நாயகனோடு அவன் முதல் பேச்சைத் தொடங்கியதும் கணினி நின்றுவிட்டது. கடுமை. ஐந்து நிமிடத்தில் சீட்டு எழுதினான், வழி மூடப்பட்டது. மூர்த்தி நல்லவன், சொன்னதைச் செய்தான். அந்தப் பாடகனுக்காக யாரும் பக்கம் புரட்டவில்லை. நானும் புரட்டவில்லை. அது இப்போது உறுத்துகிறது.

பரிசல்காரியை நானும் சாந்தாமணியும் பார்த்தோம். நான் புத்தகத்தை வைத்துப் படிக்க, அவள் விசைகளைத் தட்டினாள். முதல் இரண்டு நாளில் இரண்டு லேசு. ஊர்க் குழந்தை ஒன்று நாயகியின் மீசையைக் கேலி செய்தது. கோயில் பூசாரி நாயகியை ஆண்கள் படையில் சேரக் கூப்பிட்டார். மூன்றாம் நாள் கல்யாணத்துக்கு வந்தோம். நன்றாகப் போயிற்று. பரிசல்காரியின் அம்மா அழுதாள், வாழ்த்தினாள், இறந்துபோன கணவரின் கோட்டு ஒன்றை எடுத்து நாயகியிடம் கொடுத்தாள். சாந்தாமணி அதைப் போடச் செய்தாள்.

நாயகி மறைந்துவிட்டாள். கோட்டு மட்டும் நின்றது.

அந்தக் கோட்டுக்குப் பெண் உருவம் யாரும் வரையவில்லை. தலையில்லை, காலில்லை, கோட்டு ஒன்று ஊர்வலம் போகிறது. பரிசல்காரி அதைப் பார்த்து, உன்னைப் போல் அழகி இந்தக் கரையில் இல்லை என்கிறாள். ஊரே கோட்டுக்குப் பூத்தூவுகிறது. நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். மூர்த்தி வந்து சிரித்தான். சத்தம் கேட்டுப் பாப்பாத்தியக்கா மேலே வந்து பார்த்துவிட்டு, "மாப்பிள்ளை எங்கீங்க, துணி மட்டும் போகுது?" என்று கேட்டார். முதலில் சிரிப்பை நிறுத்தியவள் சாந்தாமணி.

உருவம் மறைவது கடுமை. அதில் சந்தேகமே இல்லை. புதிதாக வரைய அவர்களுக்கு நேரமும் இல்லை.

சாந்தாமணி திரையை அணைத்துவிட்டு, நேரமாச்சு, வாரேன் அக்கா என்று போய்விட்டாள். நான் சீட்டை வீட்டுக்கு எடுத்துப் போனேன். எதிர்பார்த்தது: கோட்டு அணிந்த நாயகி தெரிய வேண்டும். பக்கம் போட வேண்டுமே என்று உக்கடத்தில் பஸ்ஸுக்கு நிற்கும்போது புத்தகத்தைத் திறந்தேன். கல்யாணப் பகுதி. அம்மா கோட்டைக் கொடுப்பாள் என்று இருக்கும் என்று நினைத்தேன். அப்படி இல்லை. 'வீட்டிலேயே அருமையான பொருளை எடுத்துக் கொடுக்கிறாள்' என்றுதான் இருந்தது. கோட்டு என்பது பின்னால் இருந்த பொருள் பட்டியலில் யாரோ போட்ட எண். அருமையான பொருள் எது? முன்பக்கங்களைப் புரட்டினேன். துடுப்பைத் தேடச் சொல்லும் இடத்தில் ஒரு வரி கிடந்தது: 'இந்த வீடு போனாலும் போகட்டும், அப்பாவின் துடுப்பு போகக் கூடாது என்பாள் அம்மா.' குனியமுத்தூர் பஸ் போய்விட்டது. அடுத்ததும் போய்விட்டது.

மறுநாள் காலை புதுச் சீட்டு எழுதினேன். எதிர்பார்த்தது: வீட்டிலேயே அருமையான பொருளாகிய துடுப்பைக் கொடுக்க வேண்டும். இரண்டு பக்க எண்கள். நடந்தது: கோட்டைக் கொடுக்கிறாள், அதை அணிந்தால் உருவம் மறைகிறது. லேசு என்று டிக் செய்தேன். பட்டியலில் ஒரு எண்ணை மாற்றினால் போதும், ஆகவே லேசு. அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

சார் சீட்டை வாங்கினார். பெரிய புத்தகத்தை அவரே எடுத்து, எச்சில் தொடாமல், ஒவ்வொரு தாளாகத் திருப்பி முதல் பக்கத்தைப் படித்தார். பிறகு இரண்டாவதைப் படித்தார். என் டிக்கை வெகுநேரம் பார்த்தார். பென்சில் காதில் இருந்தது. எடுக்கவில்லை.

"பக்கம் இருக்குதுங்க" என்றார். அவரிடம் அதற்குமேல் பாராட்டு கிடையாது. நான் திரும்பும்போது, "வயித்துப் புள்ளைக்காரி, படில பாத்து எறங்குங்க" என்றார்.

பத்து நாளில் புதிய குறுந்தகடு வந்தது. சாந்தாமணி விளையாடினாள். அம்மா அழுதாள், வாழ்த்தினாள், துடுப்பை எடுத்துக் கொடுத்தாள். நாயகி அதைத் தோளில் சாய்த்துக்கொண்டு முழு உருவமாக நின்றாள். நாயகனாகப் போனாலும் இனித் துடுப்புதான். அது கோட்டைவிட நன்றாக இருக்கிறது என்று மூர்த்தியே சொன்னான். சாந்தாமணி நாற்காலியில் ஏறிச் சுவரிலிருந்த சார்ட்டில் அந்தக் கட்டத்துக்குப் பச்சை டிக் போட்டாள். மற்ற டிக்குகளைவிட அது கொஞ்சம் பெரிது. பிறகு இறங்கி, துடுப்பு இன்னமும் நீளம்தானுங்க என்றாள்.

ஆனால் எனக்கு நிம்மதி இல்லை. அந்தப் பக்கம் அங்கே இருந்ததால் கண்டேனா, காண வேண்டும் என்று தேடியதால் கண்டேனா? நாயகனாக விளையாடும்போது கோட்டு சரியாகத்தான் இருந்தது, அப்போது நான் பக்கம் புரட்டவே இல்லையே. அன்றைக்கு என் வயிற்றில் இருந்தவள் நாளை இந்த விளையாட்டுகளை விளையாடுவாள். அவள் என்னிடம் ஏதாவது கேட்டால் எந்தப் பக்கத்தைக் காட்டுவது?

ஏழாம் மாதம் வளைகாப்புக்கு முன் விலகினேன். விலகல் படிவத்தில் காரணம் என்ற இடத்தில் குடும்பச் சூழ்நிலை என்று எழுதியிருந்தேன். சார் அதன் ஓரத்தில் பென்சிலால் "பக்கம்?" என்று எழுதி, எனக்குக் காட்டி, ரப்பரால் அழித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். அவர் வேடிக்கை செய்து பார்த்தது அந்த ஒரு முறைதான்.

சாந்தாமணி மறுவருடம் பெங்களூரில் வேலை கிடைத்துப் போனாள். விடுதியில் அவளோடு இருந்த விஜயா ஏற்கெனவே அங்கே ஆசிரியை. இருவரும் ஒரு வீடு எடுத்து இருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் இப்போது யாரும் பெண் பார்க்க வருவதில்லை, அவளே நிறுத்திவிட்டாள். கடிதம் எழுதுவாள். வீட்டில் சமையல் யார், தண்ணீர் பிடிப்பது யார், செடிக்கு ஊற்ற மறந்தது யார் என்று குறைச்சீட்டு வாசிப்பாள். விஜயாவைப் பற்றிய எல்லாச் சீட்டும் லேசு.

இந்தக் கட்டுரை எழுதலாமா என்று அவளைக் கேட்டேன். பரிசல்காரியைப் பற்றித்தானே, பேரை மாத்திப்போட்டுத் தாராளமா எழுதுங்க, நானும் படிக்கறேன் என்று பதில் வந்தது.

இப்போது உங்களிடம் ஒரு யோசனை கேட்க வேண்டும். தை மாதம் மகளுக்குக் காதுகுத்து வைத்திருக்கிறோம். பத்திரிகைகள் மஞ்சள் தடவித் தயாராக இருக்கின்றன. என் மாமியாரின் விதி தெளிவானது: கல்யாணமானவர்களுக்கு ஜோடிக்கு ஒன்று, ஆகாதவர்களுக்கு ஆளுக்கொன்று. கவிதாவுக்கும் அவள் அறைத்தோழிக்கும் அப்படித்தான் இரண்டு வைத்தோம். சாந்தாமணி, "நாங்க ரெண்டு பேரும் வாரோம், பத்திரிகை அனுப்புங்க அக்கா" என்று எழுதியிருக்கிறாள். எத்தனை என்று எழுதவில்லை.

நான் ஒரே உறையில் இரண்டு பெயரையும் சேர்த்து எழுதிவிட்டேன். எழுதியது தவறோ என்று இன்னொரு உறையும் எடுத்து வைத்திருக்கிறேன். ஒன்று அனுப்பினால், சொல்லாததைச் சொன்னதாக எடுத்துக்கொண்டேன் என்று வருந்துவாளா? இரண்டு அனுப்பினால், அவள் சொல்ல வந்தபோது மறுபடியும் பொரியலைப் போட்டது போல ஆகுமா? மாமியார் ஏன் ஒன்று என்று கேட்டால் என்ன சொல்வது? இதற்குப் பக்கம் தெரிந்தவர்கள் தயவுசெய்து இதழ் கிடைத்த வாரத்துக்குள் எழுதுங்கள். உறையை இன்னும் ஒட்டவில்லை.

சாந்தாமணி, நீயும்தான். இப்போது கேட்கிறேன்.